வயிற்றுக்குள் ஓடிய மோட்டார்

ரத்தக் குழாய்களுக்குத் தமிழில் இரண்டு இணைப் பெயர்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் நாடி, நாளம். இதயத்திலிருந்து ரத்தத்தை எடுத்துச் செல்வது தமனி அல்லது நாடி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை அல்லது நாளம். தமனியும் சிரையும் சுசுருதரின் நூலில் வரும் வடசொற்கள். எது போவது, எது வருவது என்பதைப் பள்ளியில் உருப்போட்டுத்தான் நினைவில் நிறுத்த வேண்டியிருந்தது. நாடிக்கு அந்தச் சிரமம் இல்லை. மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்க்கக் கண்டவர்கள் எல்லோருக்கும் அது துடிக்கும் என்று தெரியும். துடிப்பது நாடி, துடிக்காதது நாளம். யாழ்ப்பாணத்தில் மானிப்பாயை மையமாகக் கொண்டு தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) என்று அறுவை மருத்துவத்தையும் உடற்கூற்றையும் தமிழில் கொண்டுவந்தவர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய அந்த உழைப்பின் மிச்சம் இன்றும் ஈழத்துச் சொற்களில் இருப்பதாகவே எனக்குத் தோன்றும். எங்கள் ஊரிலோ இந்த நான்கு சொற்களுக்கும் வேலையில்லை. தமனி, சிரை, தசைநாண், உண்மையான நரம்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘நரம்பு’ என்ற ஒரே சொல்தான்.

இந்தச் சொற்களை நான் தேடிப் போனது மொழி ஆர்வத்தால் அல்ல. நாளத்தில் நாடி துடித்தால் என்ன ஆகும் என்பதை 2016ல் என் பெரியப்பாவின் உடம்பில் பார்க்க நேர்ந்தது.

பெரியப்பா களமருதூர்க்காரர். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் என்று எழுதுகிறோம். அது தனி மாவட்டமானது 2019 நவம்பரில்தான். அப்போது நாங்கள் விழுப்புரம் மாவட்டத்துக்காரர்கள். மூன்று ஏக்கர் நிலம், பாதி கரும்பு, பாதி நெல், ஒரு கிணறு, அதில் 5 குதிரைத்திறன் மோட்டார். நாற்பது வருடங்களுக்கு மேல் பீடி. மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் பகுதிகளில் விவசாயம் செய்தவர்களுக்கு ஒரு விசேஷமான காது உண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டுக் களத்து மேட்டில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருப்பார்கள். தூக்கம்தான், ஆனால் காது தூங்காது. சத்தம் ஒரு இழை மாறினால் போதும், தண்ணீர் இறங்கிவிட்டதா, காற்று பிடித்துவிட்டதா, ஒரு முனை போய்விட்டதா என்று கண்ணைத் திறக்காமலே சொல்வார்கள். பெரியப்பா அப்படிப்பட்டவர். அவருக்கு அப்போது வயது 69.

அந்த வருடம் ஆடி மாதத்தில் கரும்புக்குச் சோகை உரித்துக்கொண்டிருந்தபோது அடிவயிற்றிலும் முதுகின் கீழ்ப்புறத்திலும் பிடுங்கியதுபோல் ஒரு வலி. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாளில் வலி குறைந்தது. கல்லடைப்பாக இருக்கும் என்று ஆளாளுக்கு வாழைத்தண்டுச் சாறு கொடுத்தார்கள். அடுத்த வாரம் இடது கால் தொடையிலிருந்து பாதம்வரை வீங்கியது. டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினார்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் முதலில் ஐயப்பட வேண்டியது சிரைக்குள் ரத்தம் உறைந்திருப்பதை. அவர்களும் அப்படியே ஐயப்பட்டார்கள். காலுக்கு டாப்ளர் ஸ்கேன் எடுத்ததில் உறைகட்டி எதுவும் தெரியவில்லை. மேலே இடுப்புக்குள் இருக்கலாம் என்று சொல்லி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களில்தான் பெரியப்பா சொல்லத் தொடங்கினார்: “வயித்துக்குள்ள மோட்டார் ஓடுது.”

பெரியம்மா முதலில் சிரித்திருக்கிறார். பிறகு ஓர் இரவு தொப்புளுக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாராம். மடியில் படுத்திருக்கும் பூனையின் முதுகில் கை வைத்தால் ஒரு குறுகுறுப்பு தெரியுமே, அப்படி இருந்தது என்றார். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது அதைச் சொல்லவும் செய்தார். வாயு என்று பதில் வந்தது. மூன்றாவது வாரத்தில் சிறுநீர் சிவந்தது. ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையால் என்றார்கள். நான்காவது வாரத்தில் படுத்தால் மூச்சு முட்டியது, இதயம் என்றார்கள். எக்கோ எடுத்துப் பார்த்தால் இதயம் பெருத்திருந்தது, ஆனால் பலமாகவே சுருங்கி விரிந்தது. பலவீனமான இதயத்துக்கு உரிய கணக்கு அதில் இல்லை. ரத்த அழுத்தம் 150க்கு 50. மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் நூறு இடைவெளி. பிறகு கிரியேட்டினின் 3ஐத் தாண்டியது. சிறுநீரகம் போய்விட்டது, புதுச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

வீங்கிய காலை எந்த மருத்துவரும் வாரம் பத்து பார்ப்பார். பெரியப்பாவுக்கு வந்ததைப் பெரும்பாலான மருத்துவர்கள் வாழ்நாளில் ஒருமுறைகூடப் பார்க்கமாட்டார்கள். ஆகவே தெரியவில்லை என்பதில் எனக்குப் புகார் இல்லை. ஆனால் ஐந்து வாரத்தில் கால், சிறுநீர், நெஞ்சு, சிறுநீரகம் என்று நான்கு உறுப்புகளுக்கு நான்கு நோய்கள் சொல்லப்பட்டன. நோயாளி தானாகவே காட்டிய ஓரிடத்தில் மட்டும் எவரும் கை வைக்கவில்லை. இதை இன்றுவரை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்று எங்கள் பக்கத்தவர்களுக்குச் சிறுவங்கூரில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2022 ஜனவரியில் திறந்தார்கள். 2016ல் முண்டியம்பாக்கம், அதை விட்டால் புதுச்சேரி. நான் சென்னையிலிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தேன். பெரிய மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகப் பிரிவில் பெரியப்பாவைச் சேர்த்திருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி ஓட்டுநர். வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறவர். அவருடைய இடது முன்கையில் கயிறுபோல் முறுக்கிய குழாய் ஒன்று புடைத்துத் தெரிந்தது. காலையில் எழுந்ததும் கடவுளைக் கும்பிடுவதற்கு முன்னால் அந்தக் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

டயாலிசிஸ் நோயாளிகள் உள்ள வீடுகளில் இதை அறிவார்கள். ‘பிஸ்டுலா’ என்றே சொல்வார்கள். டயாலிசிஸ் எந்திரத்துக்கு நிமிடத்துக்குச் சில நூறு மில்லி ரத்தம் வேண்டும்; சாதாரணச் சிரையில் அவ்வளவு வேகம் கிடைக்காது. ஆகவே முன்கையில் ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அறுவையால் இணைத்துவிடுகிறார்கள். நியூயார்க்கில் பிரெசியா, சிமினோ, அப்பெல் ஆகியோர் 1966ல் வெளியிட்ட முறை இது. தமனியின் வேகம் முழுதும் சிரைக்குள் பாய்கிறது. சில வாரங்களில் சிரை தடித்துப் பெருத்து ஊசி தாங்கும் அளவுக்கு வந்துவிடும். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதைத் தினமும் கை வைத்தோ காது வைத்தோ பார்த்துக்கொள்ளச் சொல்லித் தருவார்கள்.

“காதுல வெச்சு என்னா பாக்குறீங்க?” என்று பெரியப்பா கேட்டார்.

“ஓடுதான்னு பாக்குறேன் பெரியவரே. நின்னுட்டா ஓடியாரச் சொல்லியிருக்காங்க.”

“எங்க, நான் தொடலாமா?”

ஓட்டுநர் கையை நீட்டினார். பெரியப்பா மூன்று விரலை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு குனிந்து காதை வைத்தார். நிமிர்ந்து பெரியம்மாவைப் பார்த்து, “இதாண்டி” என்றார்.

காலைச் சுற்றில் வந்தவர் மேற்படிப்புப் படிக்கும் இளம் பெண் மருத்துவர். பெரியப்பா அவரிடம் சொன்ன வாக்கியம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “அம்மா, அவரு கையில ஓடுறது என் வயித்துல ஓடுது.” அந்தப் பெண் சிரிக்கவில்லை. வேட்டியைத் தளர்த்தச் சொல்லித் தொப்புளுக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அதைக் கழற்றி எதுவும் சொல்லாமல் வேகமாக வெளியே போனார். பத்து நிமிடத்தில் எங்கள் கட்டிலைச் சுற்றி எட்டுப் பேர். ஒவ்வொருவராக வைத்துக் கேட்டார்கள். பேராசிரியர் கடைசியாகக் கேட்டுவிட்டு, “மெஷினரி மர்மர்” என்றார்.

பாடநூலில் உள்ள பெயரே அதுதான் என்று பிறகு தெரிந்தது. இதயத் துடிப்புக்கு ஒரு முறை விட்டு விட்டு வரும் இரைச்சல் அல்ல. இடையறாமல், துடிப்பின்போது ஓங்கியும் மற்ற நேரத்தில் தணிந்தும் ஓடிக்கொண்டேயிருக்கும் எந்திரத்தின் ஓசை. பெரியப்பா ஐந்து வாரமாகச் சொல்லிவந்ததும் அந்தச் சொல்லைத்தான், தமிழில்.

இடுப்புக்குள் நடந்திருந்தது இது. உடலின் பெருந்தமனி தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து வலது, இடது இடுப்புத் தமனிகளாகிறது. அவை சாதாரணமாக ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். புகை, வயது, ரத்த அழுத்தம் ஆகியவற்றால் சுவர் நைந்தவர்களில் சிலருக்கு அது பலூன்போல் புடைக்கிறது, அனியூரிசம் என்பார்கள். பெருந்தமனியில் புடைத்தால் மெலிந்தவர்களின் வயிற்றில் கைக்குத் தட்டுப்படலாம். இடுப்புத் தமனி கூபகத்தின் ஆழத்தில் இருப்பதால் பெரிதாகும்வரை வெளியே தெரியாது. பெரும்பாலும் அது தன் இருப்பைத் தெரிவிப்பதே வெடிக்கும்போதுதான். வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குள்ளும் அதன் பின்புறத்திலும் கொட்டும். ஐன்ஸ்டைனுக்குப் பெருந்தமனியில் இருந்தது இந்தப் புடைப்புத்தான். 1948ல் ருடால்ப் நிஸன் என்ற அறுவை மருத்துவர் அதன்மேல் செலஃபேன் தாளைச் சுற்றி வைத்தார். அந்தச் சுற்றில் ஆறேழு ஆண்டுகள் ஓடின. 1955 ஏப்ரலில் அது வெடித்தபோது அவர் அறுவை வேண்டாம் என்று மறுத்துவிட்டார்.

பெரியப்பாவின் புடைப்பும் வெடித்திருந்தது, கரும்புக் காட்டில் வலி வந்த அன்றே. ஆனால் வெளியே வெடிக்கவில்லை. வலது இடுப்புத் தமனி போகும் வழியில் இடது இடுப்புச் சிரையின்மேல் குறுக்காக ஏறிக் கடக்கிறது. எல்லா மனிதருக்கும் இந்த அமைப்பு உண்டு. அந்தச் சந்தியில் புடைத்த தமனி, கீழே நசுங்கிக் கிடந்த சிரையின் சுவரோடு ஒட்டி, தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அதற்குள்ளேயே திறந்துகொண்டது. ஒரு சொட்டு ரத்தமும் வெளியே சிந்தவில்லை. அதனால்தான் உயிர் தப்பியது. அதனாலேயே நோய் ஒளிந்தும்கொண்டது. பழுது வலத் தமனியில், வீக்கம் இடக் காலில் என்ற குழப்பத்துக்கும் அந்தக் குறுக்கு வழியே காரணம்.

ஸ்கேனில் இதைப் பார்ப்பதற்குள் ஒரு தர்மசங்கடம். ரத்தக் குழாய்கள் தெரிய வேண்டுமானால் சாயம் ஏற்ற வேண்டும். கிரியேட்டினின் 3க்கு மேல் இருப்பவருக்குச் சாயம் சிறுநீரகத்தை இன்னும் கெடுக்கலாம். ஆனால் சிறுநீரகம் கெட்டிருப்பதே அந்த ஓட்டையால். சாயம் கொடுக்காவிட்டால் ஓட்டை தெரியாது, ஓட்டையை அடைக்காவிட்டால் சிறுநீரகம் தேறாது. பேராசிரியர் அரைமணி நேரத்தில் முடிவெடுத்தார். புடைப்பு 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. தமனியில் மட்டும் தெரிய வேண்டிய கட்டத்தில் சாயம் சிரையிலும் பளீரென்று நிறைந்திருந்தது.

ரத்தநாள அறுவை மருத்துவர் எங்களை உட்காரவைத்து மருந்துச் சீட்டின் பின்புறத்தில் படம் வரைந்தார். இரண்டு குழாய்கள், நடுவில் ஒரு துளை. தமிழ் அவருக்குக் கொஞ்சம் தடுமாறியது. சிவப்புக் குழாயில் அழுத்தம் நூற்றுக்கு மேல், நீலக் குழாயில் பத்துக்கும் கீழ் என்றார். பெரியப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பாசன வாய்க்கா ஒடைஞ்சு வடிகால்ல எறங்கிடுச்சு. அதான?” என்றார்.

மருத்துவருக்கு வாய்க்கால் தெரியாது. நான் விளக்கினேன். பிறகு அவரும் பெரியப்பாவும் அதை வைத்தே பேசிக்கொண்டார்கள். என் நினைவில் அந்த அரைமணி நேரம் ஒரு நல்ல வகுப்பாகவே பதிந்திருக்கிறது. வாய்க்கால் மேட்டில் ஓடுவது, வடிகால் பள்ளத்தில் ஓடுவது. வாய்க்கால் கரை வயலுக்குள் உடைந்தால் ஊரே பார்க்கும். பக்கத்து வடிகாலுக்குள் உடைந்தால் எவர் கண்ணிலும் படாது, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் கடைமடை காயும். உடைப்புக்குக் கீழே உள்ளவற்றுக்கு நல்ல ரத்தம் குறைகிறது. வடிகால் நிரம்பி எதிர்த்து ஏறும்; கால் வீங்குகிறது, சிறுநீர்ப்பையின் மெல்லிய சிரைகள் தாளாமல் வெடித்துச் சிறுநீர் சிவக்கிறது. மடை திறந்து நீர் விடுபவர் (பல ஊர்களில் நீர்க்கட்டி என்பார்கள்; மருத்துவக் கட்டுரையில் அச்சொல்லைப் போட்டால் பொருள் வேறாகிவிடும்) கடைமடை காய்வதைப் பார்த்து ஏரியில் தண்ணீர் இல்லை போலிருக்கிறது என்று எண்ணிச் சொட்டு விடாமல் சேர்த்து வைப்பார். சிறுநீரகம் செய்வது அதைத்தான். உப்பையும் நீரையும் பிடித்து நிறுத்திக்கொள்கிறது. சேரச் சேர உடம்பில் நீர் ஏறுகிறது, நுரையீரலிலும் கோக்கிறது.

“அப்ப மோட்டாரு?” என்றார் பெரியப்பா. இதயத்தைக் கேட்கிறார்.

“மோட்டார் நல்லாத்தான் இருக்கு. அதே தண்ணியச் சுத்திச் சுத்தி எறைக்குது. பயிருக்குப் போகல.”

“அப்ப காயில் எரிஞ்சிரும்.”

“ஆமா, எரிஞ்சிரும்” என்றார் மருத்துவர்.

இத்தகைய இணைப்பைப் பற்றி முதலில் தெளிவாக எழுதியவர் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், 1757ல். அப்போது ரத்தம் வாங்குவது எல்லா நோய்க்கும் மருந்து. முழங்கை மடிப்பில் சிரையைக் கீறும்போது கத்தி ஆழமாகப் போய் அடியில் உள்ள தமனியையும் துளைத்துவிடும். புண் ஆறும், ஆனால் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் வழி நின்றுவிடும். சிரை புடைத்துத் துடிப்பதையும் அதில் தெரியும் அதிர்வையும் சீறலையும் ஹண்டர் குறித்துவைத்தார். ஸ்டெதஸ்கோப்பே 1816ல்தான் வந்தது. இவர் கையாலும் வெறும் காதாலும் கண்டறிந்தவர். கத்தி படாமல், நைந்த பெருந்தமனி தானாகவே அருகிலுள்ள பெருஞ்சிரைக்குள் திறந்துகொண்ட நிகழ்வை எடின்பரோவின் ஜேம்ஸ் சைம் 1831ல் பதிவுசெய்தார். ஆக நோய் புதிதல்ல, அடையாளமும் புதிதல்ல. சைமின் காலத்தில் அடையாளம் கண்டாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. நமக்குச் செய்ய வழி இருக்கிறது, ஆனால் காது வைப்பது குறைந்துவிட்டது. ஸ்கேன் எடுப்பதற்கு எந்த இடத்தை எடுக்க வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

எங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. தொடைத் தமனி வழியாக மடித்த குழாய் ஒன்றைச் செலுத்தி உள்ளே விரியவைத்து, புடைப்பையும் துளையையும் உள்ளிருந்தே மறைத்துவிடுவது ஒன்று. பியூனஸ் அயர்ஸில் ஹுவான் பரோடி 1990ல் பெருந்தமனிப் புடைப்புக்குச் செய்துகாட்டிய வழி. வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை. ஆனால் சில லட்சங்கள் ஆகும். தவிர, பக்கக் கிளைகளிலிருந்து ரத்தம் புடைப்புக்குள் வந்துகொண்டிருந்தால் துளை வழியாகச் சிரைக்குப் போவது நிற்காமலும் போகலாம் என்றார்கள். மற்றது, வயிற்றைத் திறந்து செய்யும் பழைய அறுவை. அதன் அபாயத்தை மருத்துவர் மறைக்கவில்லை. புடைப்பின் உள்ளே பழைய ரத்தக் கட்டிகள் அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். கை பட்டு ஒரு துண்டு துளை வழியாகச் சிரைக்குள் நழுவினால் நேராக நுரையீரலுக்குப் போய் அடைக்கும். புடைப்பைத் திறந்த கணத்தில் சிரையிலிருந்து ரத்தம் பொங்கும். அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே தைக்க வேண்டும். மேசையிலேயே போய்விடலாம் என்றும் சொன்னார்.

அப்பாவும் பெரியம்மாவும் பெரியப்பாவின் பிள்ளைகளும் வராந்தாவில் கூடிப் பேசினார்கள். நிலத்தில் ஒரு ஏக்கரை விற்பதாக இருந்தால் ஆள் இருக்கிறது என்று யாரோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியப்பா உள்ளேயிருந்து கூப்பிட்டார். “ஒடைப்ப வெளிய நின்னு அடைக்க முடியாது. எறங்கித்தான் அடைக்கணும். தெறந்தே பண்ணச் சொல்லு.” நிலத்தைக் காப்பாற்றச் சொன்னாரா, நம்பித்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

ரத்தம் எட்டு யூனிட் வேண்டும் என்றார்கள். களமருதூரிலிருந்து பதினோரு பையன்கள் ஒரு டாடா ஏஸில் ஏறி வந்து இறங்கினார்கள். அவர்களில் மூன்று பேருக்கு எடை போதாதென்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த மூவருக்கும் வந்த கோபம் சொல்லி முடியாது.

அறுவை ஐந்து மணி நேரம். பெருந்தமனியைக் கவ்வியால் நிறுத்தி, புடைப்பைத் திறந்து, உள்ளே இருந்த துளையை முதலில் விரலால் அடைத்திருக்கிறார்கள். அடைத்த நொடியில் ரத்த அழுத்தம் ஏறியது, 110ல் ஓடிய நாடி கண்முன்னாலேயே 80க்கு இறங்கியது என்று மயக்க மருத்துவர் பிறகு எங்களிடம் சொன்னார். அதற்கும் பாடநூலில் ஒரு பெயர் இருக்கிறதாம். துளையைப் புடைப்பின் உட்புறமிருந்தே தைத்துவிட்டு, தமனிக்குப் பதிலாக டேக்ரான் குழாய் வைத்தார்கள். டேக்ரான் என்பது வேறொன்றுமில்லை, ஒரு காலத்தில் நம் ஊரில் மாப்பிள்ளைச் சட்டைக்கு மவுசாக இருந்த டெரிலின்தான். இழை ஒன்று, வணிகப் பெயர் இரண்டு. 1950களில் ஹூஸ்டனின் மைக்கேல் டிபேக்கி வீட்டுத் தையல் எந்திரத்தில் இப்படிக் குழாய்களைத் தைத்துப் பார்த்திருக்கிறார். இதைச் சொன்னபோது பெரியப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தையல் பிரிந்துவிடப் போகிறது என்று பெரியம்மா அதட்டினார். தன் கல்யாணத்துக்கு எடுக்க முடியாத டெரிலினை இப்போது உள்ளே போட்டிருப்பதாக வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

அறுவை முடிந்த இரவு எனக்குக் கண்காணிப்புப் பிரிவின் வாசலில் காவல். செவிலியர் சிறுநீர்ப் பையை மாற்ற வந்தார், மறுபடி வந்தார், மறுபடியும் வந்தார். ஏரியில் தண்ணீர் இருப்பது மடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது போலும். ஐந்து வாரம் சேர்த்து வைத்ததெல்லாம் லிட்டர் லிட்டராக வெளியேறியது. நான்காம் நாள் இடது கால் தோல் சுருங்கி, காற்று போன டியூப் மாதிரி கிடந்தது. பத்தாம் நாள் கிரியேட்டினின் 1.4. டயாலிசிஸ் ஒருமுறைகூடத் தேவைப்படவில்லை.

வீடு திரும்புவதற்கு முதல்நாள் பெரியப்பா சிறுநீரகப் பிரிவுக்குப் போக வேண்டும் என்றார். லாரி ஓட்டுநர் அங்கேயே இருந்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. அவர் கையை நீட்ட, பெரியப்பா விரல் வைத்துப் பார்த்து, “ஓடுது” என்றார். அங்கே ஓடுவதால் ஒருவர் உயிரோடிருக்கிறார், இங்கே ஓடியதால் ஒருவர் சாகக் கிடந்தார். குழாய்களுக்கு இதில் எந்த வேறுபாடும் தெரியாது. முன்கையில் உள்ளது மருத்துவர் அளந்து வைத்த சிறிய மடை, இடுப்பில் நேர்ந்தது ஆற்றுடைப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊருக்குத் திரும்பி முதல் சில வாரங்கள் பெரியப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. சத்தம் இல்லாதது சங்கடமாக இருந்தது என்றார். பெரியம்மாதான் இருட்டில் அவ்வப்போது கையை வைத்துப் பார்த்து, நின்றுதான் இருக்கிறது, தூங்கு என்பாராம். வலது பக்கம் உள் இடுப்புத் தமனியைக் கட்டிவிட்டதால் வரப்பில் அரை கிலோமீட்டர் நடந்தால் புட்டத்தில் வலி பிடித்து நிற்க வேண்டியிருக்கிறது. நின்றுவிட்டு நடப்பார். பீடியை அன்று விட்டவர் இன்றுவரை தொடவில்லை. இப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார். கிணற்றில் தண்ணீர் கீழே போய் ஆழ்துளை போட்டாயிற்று. நீர்மூழ்கி மோட்டார் மேலே கேட்காது. அது மட்டும் அவருக்குப் பிடிக்கவில்லை.

தமனிப் புடைப்பு குடும்பத்தில் ஓடக்கூடியது, உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று புதுச்சேரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சில நூறு ரூபாயில் முடியும் அல்ட்ராசவுண்ட்தான். அப்பா ஒரு வருடம் இழுத்தடித்தார். அவரும் பீடிக்காரர். கடைசியில் 2017ல் பெரியப்பாவே பிடித்து இழுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குப் போனார். நானும் கூடப் போனேன். ஸ்கேன் அறைக்குள் நோயாளி தவிர ஒருவரை விடுவார்கள். பெரியப்பா யாரையும் கேட்காமல் உள்ளே போய் நின்றுகொண்டார், நான் கதவருகே. மருத்துவர் அப்பாவின் வயிற்றில் களிம்பைத் தடவி அளந்தார். பெருந்தமனி 2 சென்டிமீட்டர், இடுப்புத் தமனிகள் இரண்டும் ஒன்றுக்குச் சற்று மேல். இயல்புதான் என்றார்.

“சத்தம் கேட்டுப் பாருங்கம்மா” என்றார் பெரியப்பா.

அந்த அம்மாளுக்குக் கதை தெரியாது. இருந்தாலும் மறுக்காமல் டாப்ளர் பொத்தானை அழுத்தி ஒலியைக் கூட்டினார். அறை முழுக்க அப்பாவின் ரத்தம் கேட்டது. பெரியப்பா தலையைச் சாய்த்து, களத்து மேட்டில் படுத்திருப்பவரைப் போல, கொஞ்ச நேரம் கேட்டார்.

“இது வேற. இது விட்டு விட்டு அடிக்குது” என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, “எந்திரிடா, போலாம்” என்றார்.